மீன்தொட்டியில் ஓர் உள்விசாரணை

சரியான முறையில் தேர்ந்தெடுத்தால் உலகில் எந்த உயிரையும் எந்த உயிரோடும் சேர்த்து வாழவைக்க முடியும் என்பது மேனேஜர் தம் முப்பத்தொரு வருட அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த உண்மையின்படி அவர் தேர்ந்தெடுத்த ஆறு மீன்களில் மூன்று, பதினோரு நாளில் செத்துப்போயின.

அவர் இப்போது மேனேஜர் இல்லை. ஒரு பேட்டரி கம்பெனியில் ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் அவர் வேலையாக இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அவரையும் அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த கடிதம் அவரே வரைந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றவர்களுக்கு அவர் நீட்டிக்கொண்டிருந்த அதே கடிதம். வாங்கிப் படித்தார். இரண்டாவது பத்தியில் ஒரு கால்புள்ளி அதிகம் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. அன்று முதல் அவருக்கு எதுவுமே தோன்றுவதில்லை. உப்பில்லாமல் வைத்ததையும் சாப்பிட்டார், இரண்டு தடவை உப்புப் போட்டதையும் சாப்பிட்டார்.

கடல்மீன் தொட்டி மனைவியின் யோசனை. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். எதிரே ஒரு மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தபடி இருந்தால் மெஷின் எப்படி ஓடும்?

"சுவத்துக்குப் பதிலா தண்ணியைப் பாருங்க. அதுலயாவது ஏதோ அசையும்" என்றாள்.

மேனேஜர் எதையும் விளையாட்டாகச் செய்பவர் அல்ல. எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்று நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்றாகக் கோடு போட்டு அட்டவணை தயாரித்தார். அதை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போய் நேர்காணல் நடத்தினார். மீன்கள் பதில் சொல்லாததால் கடைக்கார அம்மா சொன்னாள்.

"இது எதுகூட சண்டை போடும்?"

"பசிச்சா எல்லாமே எல்லாத்துகூடவும் போடும் சார்."

"முன்ன இருந்த இடத்துல நடத்தை எப்படி?"

"முன்ன இருந்தது கடல் சார். யாரைப் போய்க் கேக்க?"

ஆனாலும் அந்தம்மா ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னாள். "சாதுவானதை முதல்ல விடுங்க, முரட்டு மீனைக் கடைசியா விடுங்க. முதல்ல வர்றது தொட்டியையே தன் பேருக்கு எழுதிக்கும்." மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டு அடிக்கோடிட்டார். ஆரஞ்சுப் பட்டை போட்டவை இரண்டு, மணலை வாயால் சலித்துத் துப்பும் சாதுக்கள் இரண்டு, கடைசியாக நீல மீன்கள் இரண்டு. நீலத்தில் ஒன்றுக்கு வால் மஞ்சள். இவற்றோடு, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு நத்தை. கடலிலிருந்து எடுத்து வந்த பெரிய பாறை ஒன்றையும் வாங்கினார். அதற்கு மட்டும் நேர்காணல் இல்லை. டைரக்டர் நாற்காலி போல அது கம்பீரமாக இருந்தது.

நான்காம் நாள் ஒரு சாது செத்தது. எட்டாம் நாள் இன்னொன்று. பதினோராம் நாள் காலையில் ஆரஞ்சு ஒன்று வாலில்லாமல் மிதந்தது.

மேனேஜர் உள்விசாரணைக்கு உத்தரவிட்டார். முதல் நாளே மற்ற மீன்களைத் துரத்தியதாக மஞ்சள் வாலின் பேரில் குறிப்பு இருந்தது. 'உன் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று டைரியில் ஒரு மெமோ எழுதித் தொட்டியின் எதிரே ஒரு மணி நேரம் காத்திருந்தார். மஞ்சள் வால் விளக்கம் தரவில்லை. விளக்கம் தராதது ஒப்புக்கொண்டதாகும். கம்பெனியில் இந்த விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். வலையால் பிடித்துத் தொட்டித் தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டுக் குளியலறையில் வைத்தார். சஸ்பென்ஷன்.

கடைக்குப் போன் செய்தார். விற்ற மீனைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றாள் அந்தம்மா. "வாளியிலயே வெச்சிருக்கீங்களா? காத்து போகாம நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே பெரிசு சார்."

"சரி" என்று போனை வைத்தார். மனைவியிடம், "விசாரணை முடிஞ்சது" என்றார்.

"முடிஞ்சதுன்னா? அது சாகட்டும்ங்கிறீங்களா?"

"பணியிலேர்ந்து விடுவிக்கறோம்."

"அதைத்தாங்க கேக்கறேன். சாகட்டும்ங்கிறீங்களா?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து.

மறுநாள் மதியம் அவள் நூல் மாற்ற மெஷினை நிறுத்தியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தொட்டிக்குள்ளிருந்து. சற்று நேரத்தில் மறுபடியும்.

"ஏங்க, உள்ள என்னமோ தட்டுது."

"மோட்டாரா இருக்கும்."

எழுந்து போய் உற்றுப் பார்த்தாள். மணலில் நத்தையின் ஓடு உடைந்து கிடந்தது. "நத்தையும் போச்சுங்க. இங்க வந்து பாருங்களேன்."

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடு."

கிண்டலாகச் சொல்லவில்லை. வாய் பழக்கத்தில் சொன்னது. அவளும் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவுக் குறிப்பு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, அவர் மடியில் வைத்தாள்.

'ஐயா, மஞ்சள் வாலின் வாய் அரிசி அளவு. நத்தை ஓடு நாலு துண்டாகக் கிடக்கிறது. அரிசி வாயால் ஓட்டை உடைக்க முடியுமா? அது வாளியில் இருக்கும்போதும் தொட்டியில் சத்தம் கேட்கிறது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லவும். இப்படிக்கு, உங்களுக்கு மூணு வேளையும் போடுபவள்.'

மேனேஜர் இரண்டு முறை படித்தார். கால்புள்ளிகள் சரியாக இருந்தன. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தொட்டி அருகே போய்த் துண்டுகளை எண்ணினார். நான்குதான். மறுபடி கடைக்குப் போன் செய்தார்.

"ஐயோ சார், பாறைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும்" என்றாள் அந்தம்மா. "கும்பிடுபூச்சி மாதிரி கை வெச்ச இறால் ஒண்ணு இருக்கு. அது குத்து விட்டா ஓடெல்லாம் தெறிக்கும், மீனையும் விடாது. பாறையை எடுத்து நல்ல தண்ணியில முக்குங்க, தானா ஓடி வரும். விரலை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டாங்க, அதை நான் எடுத்துக்கறேன். அதுக்குன்னு ஆசைப்படறவங்க இருக்காங்க."

இரண்டு பேரும் சேர்ந்து பாறையைத் தூக்கினார்கள். தைத்து மடித்து வைத்திருந்த திரைச்சீலை மேல் உப்புத் தண்ணீர் கொட்டியது. அவள் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். பாறையை ஒரு தொட்டில் அளவு பாத்திரத்தில் முக்கி நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று வெளியே வந்து, கண்களை ஆளுக்கொரு பக்கமாகச் சுழற்றி இருவரையும் பார்த்தது.

"இன்டர்வியூ இல்லாம உள்ள வந்தவரு இவருதானா?" என்றாள் மனைவி.

மேனேஜர் அதை டப்பாவில் அடைத்தார். பிறகு ஈரத்துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். மணி நாலரை. அவள் குளியலறைக்கு ஓடினாள். மஞ்சள் வால் ஒருபக்கமாகச் சாய்ந்து, மேல்தண்ணீரில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வலையில் எடுத்துக் கொண்டுவந்து தொட்டியில் விட்டாள். கல் மாதிரி அடிவரை போய், அங்கே கொஞ்சம் நிமிர்ந்து, பிறகு மெல்ல நகர்ந்து மோட்டாருக்குப் பின்னால் போனது.

அவர் துடைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு டைரியைத் திறந்தார். திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளும் கடிதம் எப்படித் தொடங்கும் என்று யோசித்தார். மாதிரி இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை. மூடி வைத்தார்.

"எழுத வேணாம்" என்றாள் அவள். "போய் அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னன்னு?"

"தப்பு நடந்துபோச்சுன்னு."

மேனேஜர் தொட்டியின் முன் குனிந்து தொண்டையைச் செருமினார். "நடந்ததற்கு நிர்வாகம் வருந்துகிறது."

"நிர்வாகம்னா யாரு?"

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல மீன் அவர் முகத்துக்கு நேராக நின்று துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றார் அதனிடம். "நான்தான் சரியா விசாரிக்கல. மன்னிச்சுடு."

அந்த மீனுக்கு வாலும் நீலம்.