சாயம் தின்ற குழி

கீழே வருவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. குன்றக்குடி முருகன் மேல் ஆணை. அது போதாதென்றால் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாக்கோட்டைக்கு மேற்கே ஆண்டியப்பனுக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. சேலை நூல் நனைத்த கழிவுநீர் பின்னாலிருந்த குழியில் செக்கச்செவேலென்று நிற்கும். குழிக்கரையைத் தாண்டினால் ஊரே குடிக்கிற ஊருணி. கரை கசிந்துவிட்டால்? அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தும் அக்காள் மகள் சிந்து சாயத்தை முறிக்க வழி சொன்னாள்.

"குழியில கெடக்குற கிருமி சோத்துக் கஞ்சியத் திங்கும் மாமா. திங்கத் திங்க உள்ளுக்குள்ள மின்சாரம் சேரும். அத எறக்கி வச்சாத்தான் அடுத்த வாய். மக்குன குப்பையில ஒரு கருஞ்சத்து இருக்கு. அதுதான் சுமைதூக்குற கூலியாளு. மின்சாரத்தத் தூக்கிட்டுப் போயி சாயத்துத் தலையில போடும். சாயம் ஒடஞ்சு செவப்பு போயிரும்."

"அம்புட்டுத்தானா?"

"எங்குட்டு! நெறம் போனாலும் நஞ்சு மிச்சமிருக்கும். வேற தொட்டியில விட்டுக் காத்து காட்டுனாத்தான் அதுவும் போகும். கஞ்சி மட்டும் அளவா ஊத்துங்க."

மக்குக் குப்பையைக் கொட்டியது ஆண்டியப்பன். கஞ்சி ஊற்றியது அவர் மனைவி சொர்ணவல்லி. வினை அங்கேதான் வந்தது. அந்த ஊர்ப் பந்தியில் விருந்தாளி இலையை மூடும்வரை பரிமாறுகிற கை ஓயாது. கிருமி எந்த இலையை மூடும்?

"போதும்டி சொர்ணம்!"

"சாப்பிடுறவுக சொல்லட்டும். நீங்க ஏன் குறுக்க வாரீக?"

குழி நுரைத்தது; பெரிதாக ஏப்பம் விட்டது. சிவப்பு போய்ப் பளிங்காகிவிட்டது. பசி மட்டும் அடங்கவில்லை. கொடியில் காய்ந்த சேலையின் அரக்கு வெளுத்தது. கரையோரப் புல்லின் பச்சை போனது. எட்டிப் பார்த்த ஆண்டியப்பனின் மீசைக் கறுப்பையும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டது.

அப்போதுதான் கரையில் ஈரம் தட்டுப்பட்டது. சிவப்புத் தண்ணீர் என்றால் போன தடம் தெரியும். இது எங்கே போனது என்று யார் கண்டார்?

ஊருணிக்கு ஓடினார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி குடத்தோடு குனிந்துகொண்டிருந்தாள்.

"மோக்காத தாயி! நஞ்சு!"

"தெளிவாத்தானண்ணே கெடக்கு?"

"அதுதான் பயமே! செவந்து கெடந்தா நான் ஏன் இப்படி ஓடியாரேன்?"

அவர் கண்ணெதிரே அவள் குடம் சாம்பல் நிறமானது. தாமரை சாம்பல். வானம் சாம்பல். ஆண்டியப்பன் படித்துறைக்குக் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டார். இறங்குகிறவர்கள் தன்னை மிதித்துவிட்டு இறங்கட்டும் என்றார்.

"எந்திரிங்கண்ணே, மீச மையெல்லாம் வேர்த்து ஒழுகுது" என்றாள் பொன்னுத்தாயி.

சிந்து வந்து ஊருணித் தண்ணீரைச் சோதித்து, ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை என்று சொல்லும்வரை அவர் படித்துறையை விட்டு எழவில்லை.

ஆண்டியப்பன் கண்ணுக்குப் பிறவியிலிருந்தே எந்த நிறமும் தெரியாது. பட்டறையில் சாயம் கலப்பதெல்லாம் சொர்ணவல்லிதான்.