சுகுணா பேசிய உண்மை

1958இல் பெங்களூரில் எம்.ஏ. தத்துவம் படித்த சுகுணா, பௌத்த அறநெறி வகுப்பில் வாய்மையைப் பற்றிக் கேட்டதும், இனிப் பொய்யே சொல்வதில்லை என்று முடிவுசெய்தாள். அந்த வாரமே அவள் அக்கா மரகதத்தைப் பெண் பார்க்க அல்சூர் வீட்டுக்கு வந்தார்கள்.

"மைசூர்பாகு பொண்ணு பண்ணதா?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள்.

அம்மா தலையாட்டுவதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள். "இல்லீங்க, கடையில வாங்கினது. அக்காவுக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும்."

மரகதத்துக்கு முகம் சிவந்தது. மாப்பிள்ளை சிரித்துவிட்டான். "நான் சிகரெட்டே தொடமாட்டேன்னு எங்கம்மா சொன்னாங்களே, அதுவும் இந்த மைசூர்பாகு கதைதான்."

அந்தச் சிரிப்பு மரகதத்துக்குப் பிடித்துப்போயிற்று. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் மரகதம் தங்கையின் காதைத் திருகினாள். "நேரம் பார்த்துப் பேசணும்னு உங்க புத்தர் சொல்லவே இல்லையாடி?"

"சொல்லியிருக்காராம்க்கா. அந்தப் பாடம் அடுத்த வாரம்தான்."