நேரா ரெண்டாம் வருசம்

முதல் நாள் வகுப்புக்கு ஷீபா எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இருக்கும் அந்தப் பாலிடெக்னிக்கில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று அந்த வருடம்தான் டிப்ளமோ வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். சனிக்கிழமை மதியமும் ஞாயிறு முழுவதும் நேரில் வரவேண்டும். வார நாளில் இரண்டு சாயங்காலம் செல்போனிலேயே பாடம். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு முதல் வருடமே கிடையாது, நேராக இரண்டாம் வருடம்.

ஷீபா டர்னர் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவள். ஒரகடத்தில் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயதில், ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாயான பிறகு, மறுபடியும் பெஞ்சில் உட்காருவது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்துப் பேப்பரில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐயங்கார்குளத்து எல்லப்பன் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக், ஐம்பதை நெருங்குகிறவர், உள்ளே வரும்போதே எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, சுதா வந்தாள்.

ஷீபா சட்டென்று குனிந்து பேப்பரில் மறுபடியும் கிறுக்க ஆரம்பித்தாள்.

சுதா வேறு யாருமில்லை. ஷீபாவின் கணவன் டேனியலுக்குத் தம்பி ஆல்பர்ட்; அந்த ஆல்பர்ட்டின் மனைவி. சாலவாக்கத்தில் ஒரே மனையில் இரண்டு வீடு, நடுவில் இடுப்பளவு சுவர். ஓரகத்திகள் இரண்டு பேரும் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

பேச்சு நின்றது ஆல்பர்ட்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு. பந்தியில் பிரியாணி போய்க்கொண்டிருந்தது. உறவுக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "வூட்டுக்கு வந்த ரெண்டு மருமவள்ல யாரு ஜாஸ்தி படிச்சவ?" என்று கேட்டார். சுதா சிரித்துக்கொண்டு, "நான் ப்ளஸ் டூ. அக்கா பத்தாவதோட ஐ.டி.ஐ." என்றாள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஷீபா காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள். "நான் மிஷின் ஓட்றேன். சில பேரு மாதிரி போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இல்ல," என்று சொல்லிவிட்டாள். சுதா சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "படிப்பு ஏறாதவங்கதான் ஐ.டி.ஐ. போவாங்க," என்றாள். பந்தி முழுக்கக் கேட்டது. அதோடு சரி. சர்ச்சில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரத்தில்கூட இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இப்போது அந்தச் சுதா கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, ஷீபாவைப் பார்க்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்தாள்.

விரிவுரையாளர் ஹேமாவதி வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர்கள். "ஷீபா. அடுத்தது சுதா. ரெண்டு பேருமே சாலவாக்கமா? தெரு பேரும் ஒண்ணாத்தான் இருக்கு. தெரிஞ்சவங்களா?"

"இல்ல மேடம்," என்றாள் ஷீபா.

"பாத்ததே இல்ல மேடம்," என்றாள் சுதா.

"சரி, இனிமே பழகிக்குங்க. லேப்ல ரோல் நம்பர்படி ரெண்டு ரெண்டு பேரா ஒரு மிஷின். நீங்க ரெண்டு பேரும் ஜோடி."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, ஷீபா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். டேனியல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், அவளும் அதே வகுப்புல கீறா. உனக்குத் தெரியுமா?"

டேனியல் பூண்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன்."

"தெரியும். அப்ளிகேஷன் வாங்கியாற நானும் ஆல்பர்ட்டும் ஒரே வண்டிலதான் போனோம்."

"ஒரே வண்டிலயா! ப்ளஸ் டூ படிச்சவளுக்கு எப்படி ரெண்டாம் வருசம் குடுத்தாங்க?"

"கணக்கு எடுத்து ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கும் நேரா ரெண்டாம் வருசம்தானாம். அந்த மேடம்தான் சொன்னாங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பியா?"

"அண்ணனும் தம்பியும் பேசி வெச்சிக்கினு எங்கள ஏமாத்தறீங்க," என்றாள்.

"எங்களுக்கு நடுவுல இன்னாம்மா சண்டை? செவுரு உங்க ரெண்டு பேருக்குந்தான்," என்று டேனியல் உரித்த பூண்டை அவளிடம் நீட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

இயந்திரக்கூடத்தில் முதல் வேலை, லேத்தில் இரும்புத் தண்டைக் கடைவது. ஷீபாவுக்கு அது பழகின வேலை. சுதா லேத்தைப் பக்கத்தில் பார்த்ததே அன்றுதான். மிஷின் சுற்ற ஆரம்பித்ததும் அவள் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். பேசிக்கொள்ளாமல் இரண்டு பேர் ஒரு மிஷினில் வேலை செய்ய முடியாது. அதனால் ஷீபா லேத்தோடு பேச ஆரம்பித்தாள்.

"துப்பட்டாவ இடுப்புல இழுத்துக் கட்டலைன்னா மிஷின் புடிச்சிக்கும். சில பேருக்கு அது தெரில," என்றாள் லேத்தைப் பார்த்து.

சுதா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கையிலிருந்த வெர்னியர் காலிப்பரைப் பார்த்து, "அளவெடுத்தா மட்டும் போதாது. ரெக்கார்டுல கணக்கும் எழுதணும். சில பேரு அந்தப் பக்கத்தையே காலியா வுட்டு வெச்சிக்கீறாங்க," என்றாள்.

அடுத்த மிஷினில் நின்ற எல்லப்பன் பாட்டை நிறுத்திவிட்டு இந்த வேடிக்கையைப் பார்த்தார். "ஏம்மா, நடுவுல நான் வேணா வந்து நிக்கட்டா? இந்தம்மா சொல்றத அந்தம்மாகிட்ட சொல்றேன்," என்றார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவரை முறைத்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்.

இப்படியே சில வாரம் ஓடியது. லேபில் ஷீபா ராணி. ஆனால் கணக்கு வகுப்பு வந்தால் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. முதல் வருடத்தைத் தாண்டி வந்ததில், முதல் வருடத்துக் கணக்கையும் தாண்டி வந்துவிட்டாள். சைன், காஸ், டேன் என்று ஹேமாவதி மேடம் போர்டில் எழுதிக்கொண்டே போனபோது ஷீபா எல்லாவற்றையும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பின்னால் சுதா உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், பந்தியில் சொன்னது உண்மை என்று ஆகிவிடும் அல்லவா?

முதல் உள்தேர்வில் அவளுக்கு ஐம்பதுக்கு ஏழு வந்தது.

விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இடைவேளை மணி அடித்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நடந்தாள். 'கம்பெனி உண்டு, வூடு உண்டு. நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?' என்று மனசு சொன்னது. புங்கமரத்தடியில் நின்ற ஸ்கூட்டியில் சாவியைப் போடும்போது, பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"அக்கா!"

ஒரு வருடத்துக்கு மேலாகக் காதில் விழாத வார்த்தை. ஷீபா திரும்பவில்லை.

"எங்க கெளம்பிட்ட? மதியம் லேப் கீது."

"நான் இனிமே வர்ல. நீ போ."

"நீ வர்லன்னா எனக்கு யாரு ஜோடி?" சுதாவுக்கு மூச்சு வாங்கியது. "ஜோடி மாத்துனா எல்லப்பன் அண்ணன்தான் வருவாரு. நாள் முழுக்கப் பாடுவாருக்கா. என்னால முடியாது."

ஷீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அழுகை முந்திக்கொண்டது. "ஏழு மார்க்கு, சுதா. பையன்கூட ரெண்டாங்கிளாஸ்ல இத்த வுட ஜாஸ்தி வாங்கறான். நீ அன்னிக்கி சொன்னது சரிதான். எனக்குப் படிப்பு ஏறல."

சுதா ஸ்கூட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எங்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்கிற மாதிரி.

"அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன ராத்திரியே ஆல்பர்ட் என்னைத் திட்னாரு. வந்து பேசலாம்னு நெனைப்பேன், நீ மூஞ்சத் திருப்பிக்குவ. எனக்கும் ரோசம். நீ சொன்னதும் எனக்கு வலிச்சிதுக்கா. ஸ்டிக்கர் ஒட்றவன்னு. அந்த வேலைய வுட்டு மேல போவணும்னுதான் இங்க வந்தேன்."

"நானும் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் ஷீபா, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அன்னிக்கி அடுப்புச் சூடு, பசி வேற. வாயில வந்துடிச்சி."

"சரி, சாவிய எடு. பசிக்கிது. உன் டப்பாவுல இன்னா கீது?"

"புளிசாதம்."

"எங்கிட்ட முட்டை கீது. வா."

அன்றைக்கு மதியம் இரண்டு பேரும் இயந்திரக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே சுதா அந்த ஏழு மார்க் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிக்கீற. அதான் எல்லாம் கலந்துபோச்சி," என்றவள், சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போனாள். ஷீபாவும் பின்னாலேயே போனாள்.

"நேத்து தண்ட ஒரு பக்கம் சன்னமா கடைஞ்சியே, கூம்பு மாதிரி. அதுக்கு முன்னாடி இந்தப் பகுதிய இன்னா பண்ண?" என்று லேத்தில் டூலைப் பிடித்திருக்கும் பகுதியைத் தொட்டுக் காட்டினாள் சுதா.

"கோணம் வெச்சித் திருப்புனேன்."

"எவ்ளோ திருப்பணும்னு எப்படித் தெரியும்?"

"சார்ட்டுல போட்டிருக்கும். அத்தப் பாத்து வெப்பேன்."

சுதா சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு முக்கோணம் போட்டாள். தண்டு எவ்வளவு சன்னமாகிறதோ அதில் பாதி ஒரு பக்கம், எவ்வளவு நீளத்துக்குச் சன்னமாகிறது என்பது இன்னொரு பக்கம். "இத்த அத்தால வகுத்தா வரதுதான் டேன். உன் சார்ட்டு போட்டவனும் இதத்தான் பண்ணான்."

ஷீபா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, சாக்கட்டியை வாங்கி, வேறு அளவில் இன்னொரு முக்கோணம் போட்டுத் தானே வகுத்து, அதற்கான கோணத்தைப் போனில் தட்டிப் பார்த்தாள். சார்ட்டில் இருந்த கோணமே வந்தது. மறுபடியும் ஒன்று போட்டாள். அதுவும் வந்தது.

"அடிப்பாவி," என்றாள். "இதுதான் டேனா? இத்தனை வருசமா நான் இத்தத்தான் திருப்பிக்கினு கீறனா?"

அவள் கத்தின கத்தலில் எல்லப்பன் எட்டிப் பார்த்தார். தரையிலிருந்த முக்கோணத்தைச் சுற்றி வந்தார். "எனக்கும் ஒருதரம் சொல்லும்மா," என்று சுதாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் பாடம் சாலவாக்கத்திலும் நடந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ஷீபா நேராகச் சுதா வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணனும் தம்பியும் ஷீபாவின் வீட்டில் ஒரே உலையாக வைத்து, பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். ஆல்பர்ட் எதைச் செய்தாலும் காரம் தூக்கலாக இருக்கும். "அண்ணி, இன்னிக்கி உப்புமா. காரமே போடல," என்று சுவருக்கு மேலே தட்டை நீட்டுவான். வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள். பதிலுக்கு ஷீபா அவளுக்கு லேபில் வெட்டுகிற டூலைப் பொருத்தவும், மிஷின் சத்தத்தைக் கேட்டே வெட்டு சரியாக விழுகிறதா என்று சொல்லவும் பழக்கினாள். சுதா முதல்முறையாகத் தனியாகக் கடைந்த தண்டு நடுவில் கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டு ஜன்னலில் பரிசுக் கோப்பை மாதிரி வைத்துக்கொண்டாள்.

பருவத் தேர்வு முடிவு வந்த அன்று ஷீபா கம்பெனியில் இருந்தாள். டீ இடைவேளையில் போனை எடுத்தால் சுதாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். உடனே அவளைக் கூப்பிட்டாள்.

"பாஸ்க்கா! கணக்குல அம்பத்தெட்டு!"

"எனக்கா? நல்லாப் பாரு, உன் நம்பரா இருக்கப் போவுது."

"என்து தொண்ணூத்தொண்ணு. நான் உன்தத்தான் மொதல்ல பாத்தேன்."

ஷீபா போனைக் காதில் வைத்தபடியே பக்கத்திலிருந்த பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாமல் அந்தப் பெண்ணும் சிரித்தாள். எல்லப்பனுக்கு ஒரு பாடம் போய்விட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டிப்போல இருவத்தஞ்சி வருசம் ஆச்சி, இன்னும் ஆறு மாசம் எனக்குப் பெரிசா?" என்று சொல்லி, வகுப்பு முழுவதற்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வருடம் தொடங்குகிறதற்குள் ஷீபாவைக் கம்பெனியில் அச்சும் கருவிகளும் செய்கிற டூல் ரூமுக்கு உயர்த்தி மாற்றினார்கள். சுதாவுக்கு அப்படி எதுவும் உடனே நடக்கவில்லை. ஆனால் அவள் கம்பெனியில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், தயங்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

மூன்றாம் வருடத்தின் முதல் ஞாயிறு அன்று, ஸ்கூட்டியைத் தான்தான் ஓட்டுவேன் என்று சுதா அடம்பிடித்தாள். ஓட்டக் கற்றுக்கொண்டு அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷீபா பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கு, பிரேக்கு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முந்தின நாள் மழையில் ஏரிக்கரைச் சாலை சேறும் சகதியுமாக இருந்தது. வளைவில் எதிரே எருமைக் கூட்டம் ஒன்று சாவகாசமாக வந்தது. சுதா பிரேக்குக்குப் பதிலாக வேகத்தைத் திருகினாள். எருமைகள் ஒதுங்கிக்கொண்டன. ஸ்கூட்டி நேராக வயலுக்குள் இறங்கி, அப்போதுதான் உழுது வைத்திருந்த சேற்றில் மெதுவாகச் சாய்ந்தது.

"அடிபட்டுச்சா?" என்றாள் சுதா, முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு.

"இல்ல. உனக்கு?"

"இல்லக்கா. ஆனா ஷூ ஒண்ணு காணோம்."

இரண்டு பேரும் சேற்றுக்குள் கையை விட்டு ஷூவைத் தேடினார்கள். தேடத் தேடச் சிரிப்பு அதிகமானது. கடைசியில் ஷீபாதான் அதைக் கண்டுபிடித்து, கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிச் சுதாவிடம் கொடுத்தாள்.

வகுப்புக்குள் அவர்கள் நுழைந்தபோது பாடம் பாதியில் இருந்தது. ஹேமாவதி மேடம் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எங்கம்மா போயிட்டு வரீங்க, நாத்து நடவா?"

"ரோடு வளைஞ்சிது மேடம். இவ வளையல," என்றாள் ஷீபா.

வகுப்பே சிரித்தது. இரண்டு பேரும் சேறு காயக் காய முதல் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள்.