முப்பத்தெட்டு குறைகிறது

திங்கட்கிழமையிலிருந்தே ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்கும் யாரோடும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. புதன்கிழமை விடிந்தும் அதே கதைதான். புதிதாகச் செய்த பட்டைகள் அத்தனையும் பொய் சொல்லின.

பட்டை என்றால் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு துண்டு. அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களைப் பூசியிருப்பார்கள். தங்கம் என்றதும் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். ஆயிரம் பட்டையைச் சுரண்டினாலும் ஒரு பொட்டு தேறாது. ஆனால் அதில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து மீட்டரில் செருகினால், அந்தப் பெண்ணின் வயிற்றில் கரு தங்கியிருக்கிறதா இல்லையா என்று எண்ணாகக் காட்டிவிடும். இரண்டு நாள் கழித்து இன்னொரு சொட்டு வைத்தால், தங்கியது நிலைக்குமா நழுவுமா என்றுகூடச் சொல்லிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய பெண்களுக்காக ஐந்து வருஷம் மெனக்கெட்டுச் செய்தது. வெள்ளிக்கிழமை நானூறு பட்டை மூன்று கிளினிக்குகளுக்குப் போயாக வேண்டும்.

"ஆஸ்பத்திரி மெஷின் நூறுங்குது, நம்ம பட்டை அறுபத்திரண்டுங்குது. அது எழுபத்தொண்ணுன்னா இது முப்பத்துமூணு. இதோ பாருங்கக்கா, இந்தப் பொண்ணுக்கு முப்பது இருக்கு. நம்மது 'இல்லை'ன்னு சாதிக்குது! எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு."

பேசியவள் பட்டையை வடிவமைத்த ஆராய்ச்சிக்காரி. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாகத்தான் ஓடுவாள். அதனால் கூடத்தில் அவளுக்கு அவசரம் என்றே பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவள் டெக்னீஷியன். பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிப்பது, சின்னக் குழாய்களில் அடைப்பது, தேதி எழுதி உறைபெட்டியில் வைப்பது, எல்லாம் அவள் கைதான். அவள் ஒட்டிய லேபிள் கோணியிருந்ததாக ஒரு பிள்ளை சொல்ல முடியாது.

"கத்தாதே. எண்ணை எல்லாம் ஒரே தாள்ல எழுது, பார்க்கலாம்," என்றாள் டெக்னீஷியன்.

எழுதினார்கள். நூறில் அறுபத்திரண்டு போனால் முப்பத்தெட்டு. எழுபத்தொன்றில் முப்பத்துமூன்று போனால் முப்பத்தெட்டு. இருநூற்றுப் பத்து நூற்று எழுபத்திரண்டாகக் காட்டியிருந்தது. அதுவும் முப்பத்தெட்டுதான்.

டெக்னீஷியனுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. பட்டை கெட்டுப்போயிருந்தால் வித்தியாசம் கண்டபடி இருக்கும். எல்லாவற்றிலும் அச்சடித்த மாதிரி ஒரே எண் குறைந்தால், கோளாறு பட்டையில் இல்லை. தராசுத் தட்டில் ஏற்கெனவே ஏதோ கிடக்கும்போது, அதைக் கவனிக்காமல் முள்ளைச் சுழியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு நிறுக்கிற எல்லாமே அந்த அளவுக்குக் குறைவாகத்தான் காட்டும்.

இங்கே முள்ளைச் சுழியில் வைப்பதற்கு ஜீரோ சாம்பிள் என்று ஒன்று உண்டு. கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணின் ரத்தம். புதிதாக ஒவ்வொரு தொகுதி பட்டை செய்யும்போதும் முதலில் அந்த ரத்தத்தை வைத்து, அது காட்டுவதைத்தான் பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த ரத்தம் டெக்னீஷியனுடையது.

ஆரம்பத்தில் கூடத்துப் பெண்கள் முறைவைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் சின்னப் பெண்களிடம் போய் "நிச்சயமா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பது சங்கடம். ஒருத்தி முறைப்பாள், ஒருத்தி வெட்கப்படுவாள், ஒருத்திக்கு நிஜமாகவே இருந்து தொலைக்கும். டெக்னீஷியனிடம் கேட்கவே வேண்டாம். ஆறு வருஷம் ஊசி, மாத்திரை, ஸ்கேன், மூன்று முறை சோதனைக்குழாய்ச் சிகிச்சை என்று எல்லாம் பார்த்து ஓய்ந்தவள் என்று கூடத்துக்கே தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் அவளும் கணவனும் இனிப் போதும் என்று சிகிச்சையைக் கைகழுவியதும் தெரியும். விதிப்படி ஜீரோ சாம்பிளை முதலில் ஆஸ்பத்திரி மெஷினில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். இந்தத் தடவை அவளே குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவசரம்தான் தடுத்தாள். "உங்களைப் போய் டெஸ்ட் பண்ணணுமாக்கா? நேரம்தான் வேஸ்ட்." அவளும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனசில் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாள். விஞ்ஞானம் விஞ்ஞானம் என்று பீற்றிக்கொள்கிறவர்கள் எல்லாரும் தவறுகிற இடம் இதுதான். தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிடுவது.

இப்போது உறைபெட்டியைத் திறந்து மிச்சமிருந்த குழாயை எடுத்தாள். லேபிளில் தேதி பளிச்சென்று இருந்தது. பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"எங்கேக்கா போறீங்க?"

"ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு. நீ இரு."

நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம். தள்ளுவண்டிகள், கையில் சீட்டோடு வரிசையில் நிற்கிற பெண்கள், அவர்களோடு வந்து எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்கிற ஆண்கள். ஆறு வருஷம் அவளும் அந்த வரிசையில் நின்றவள்தான். குழாயை உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டே நடந்தாள். ஒன்றும் இருக்காது, யாரோ கை தவறி வேறு ரத்தத்தைக் கலந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் குழாயைத் தன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

லேபிளில் இருந்த தேதியை மெஷினில் அடித்துக் கொடுத்தாள். அது இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு, மேலே அந்தத் தேதியோடு ஒரு தாளைத் துப்பியது. முப்பத்தெட்டுப் புள்ளி நான்கு.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், பாவி மனசு. இருந்திருக்கு! ஊசி இல்லாமல், டாக்டர் இல்லாமல், யாரிடமும் கையேந்தாமல், தானாகவே வந்திருக்கு!

அடுத்த மூச்சிலேயே கணக்குப் பிடிபட்டுவிட்டது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவளுக்கு ரத்தப்போக்கு வந்தது. வழக்கத்தைவிடத் தாமதம், வழக்கத்தைவிட அதிகம். மருந்துகளை நிறுத்தியதால் உடம்பு தாறுமாறாகத்தான் இருக்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். நாள் எண்ணுவதையும் அவள் விட்டிருந்தாள். எண்ணி எண்ணி ஏமாந்தது போதும் என்றுதானே விட்டாள். அந்த மூன்று நாளும் வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு, வேலைக்குக்கூட லீவு போடாமல், இதே பட்டைகளை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தப்போக்கு வந்தாலும் சில பேருக்குத் தங்குவதுண்டு. அதுவும் அவளுக்குத் தெரியும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற நர்ஸிடம் போய்க் கையை நீட்டினாள். "இன்னொரு சாம்பிள் வேணும் சிஸ்டர்." நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள், "காலையில சாப்பிடலையா?" "ஆமா," என்று பொய் சொன்னாள்.

மறுபடியும் இருபது நிமிஷம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மெஷினுக்கு முன்னால் நின்றபடி, தப்பாமல் வந்துவிடு, தப்பாமல் வந்துவிடு என்று உதட்டுக்குள்ளேயே கெஞ்சினாள். பதினோரு வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்தியவள், ஒரு எண்ணிடம் இப்படிக் கெஞ்சுவாள் என்று யார் நினைத்தது?

பூஜ்யம் வந்தது. புள்ளிக்குப் பின்னாலும் பூஜ்யம்தான்.

திரும்பி வந்து இரண்டாவது குழாயை அவசரத்திடம் நீட்டினாள். "ஜீரோ சாம்பிள்தான் தப்பு. இது புதுசு. சரிபார்த்தாச்சு. இதை வச்சு மீட்டரைத் திரும்ப செட் பண்ணு."

அரை மணி நேரத்தில் எல்லாம் நேராகிவிட்டது. நூறு என்றால் தொண்ணூற்றொன்பது, எழுபத்தொன்று என்றால் எழுபத்தொன்று. இல்லை என்று பட்டை சாதித்த அந்தப் பெண்ணுக்கும் முப்பது வந்துவிட்டது. அவசரம் துள்ளிக் குதித்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்க தெய்வம்! நானூறும் தப்பிச்சிடுச்சு!" டெக்னீஷியன் மரம்போல நின்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

ஆனால் தவறுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுதி, கூடத்தின் தலைவி கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் வெளியே போகும். தலைவியும் டாக்டர்தான்; மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மேடம் மெஷின் துப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போ போச்சு?"

"பன்னிரண்டு நாள் ஆச்சு மேடம். தெரியல மேடம் எனக்கு. மாதாமாதம் வர்றதுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லை, கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. மேடம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். வாழ்நாள் முழுக்க இதே செய்தியை அடுத்தவர்களுக்குச் சொல்லிப் பழகியவர்.

"காரணத்துல 'கலப்படம்'னு எழுதிடும்மா," என்றார் கடைசியில். "ஆடிட்டுக்கு வர்றவங்க பார்ப்பாங்க, இங்க இருக்கிறவங்க பார்ப்பாங்க. உன் சொந்த விஷயம் எல்லார் வாயிலயும் விழ வேண்டாம். நான் கையெழுத்துப் போடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். டெக்னீஷியன் பேனாவைத் திறந்தாள். க என்று எழுதினாள். கை அதற்கு மேல் நகரவில்லை.

"கலப்படம் இல்ல மேடம்," என்றாள். "அது வேற யாரோட ரத்தமும் இல்ல, அழுக்கும் இல்ல. என் பிள்ளை மேடம். அதுக்கு ஸ்கேன் கிடையாது, சீட்டு கிடையாது, ஒருத்தரும் பார்த்ததும் கிடையாது. நான்கூட பார்க்கல. அது இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த நோட்டை விட்டா வேற எதுவும் இல்ல."

எழுதிய எழுத்தை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினாள்: 'சாம்பிள் கொடுத்தவர் அந்தத் தேதியில் கர்ப்பமாக இருந்தார்.' மேடம் கையெழுத்துப் போட்டார்.

முதல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போனாள். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சிகிச்சையை விட்ட பிறகு, உலகக் குடிமக்கள் என்று ஒரு வகுப்பைத் தானாகக் கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டவர். அவருடைய மாணவர்கள் கடல் தாண்டி எங்கெங்கோ இருக்கிற மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள், அங்கிருந்தும் வரும். "நமக்கு என்னம்மா குறை, நாடு நாடா பிள்ளைங்க," என்று சொல்லிச் சிரிக்க இந்த ஒரு மாதமாகத்தான் பழகியிருக்கிறார். அன்றைக்கும் மேஜை நிறையக் கடிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. என்ன, முகமே சரியில்ல? பட்டை இன்னும் வம்பு பண்ணுதா?"

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வதென்று பத்துத் தரம் ஒத்திகை பார்த்திருந்தாள். அத்தனையையும் விட்டுவிட்டு, பையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அங்கேதான் தப்புச் செய்தாள். ஆறு வருஷமாக இந்தத் தாளை வாங்குவதற்கு அவர்தான் வரிசையில் நிற்பார். வேறு எதையும் படிக்கமாட்டார், நேராக அந்த எண்ணுக்குத்தான் கண் போகும். அவருக்கு அது பரீட்சை மார்க். ஐந்துக்குக் கீழே என்றால் ஃபெயில். ஒவ்வொரு தடவையும் ஃபெயில்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்," என்பார்.

இப்போது அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"முப்பத்தெட்டு! ஏய், முப்பத்தெட்டுடீ!" அவள் தோளைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார். "நாமதான் விட்டுட்டோமே! எப்படிம்மா? சாமி, எப்படி?" சிரிக்கிறார், கண்ணீர் தாடைவரை இறங்குகிறது, துடைக்கத் தோன்றவில்லை. "நீ ஏன் நிக்கிற? உட்காரு. முதல்ல உட்காரு. இனிமே பஸ்ஸுல எல்லாம் போகக்கூடாது, சொல்லிட்டேன்." உள்ளே ஓடிப்போய்த் தலையணையைக் கொண்டுவந்து அவள் முதுகுக்கு அண்டக் கொடுத்தார். கீழே மண்டியிட்டு அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றினார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம், இந்தச் செருப்பைக் கழற்றி முடிக்கிற வரைக்குமாவது இருக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தாள். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"மேல தேதியைப் பாருங்க," என்றாள்.