துர்ஜயன் சாக மாட்டான்

"உனக்கு உரக்கப் பேச வராதுன்னு தெருவுக்கே தெரியும். மெள்ளப் பேச வருமோ?"

தெரு நாடகத்தை நடத்தும் சுந்தரராமன் மாமா ஸ்நேகாவிடம் இப்படிக் கேட்டபோது உற்சவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "இவ்வளவு மெள்ள வேண்டாம். இதுக்குக் கொஞ்சம் மேலே" என்றார் மாமா.

வலியசாலைக் கோயில் உற்சவத்தில் மூன்று வருஷத்துக்குப் பிறகு மறுபடி போடும் நாடகத்துக்கு, மேடையோரம் மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கூச்சப்படுகிறவர்களுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிளஸ் ஒன் படிக்கும்போது வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஸ்நேகா எழுந்து போய் நின்றாள். மணி அடிக்கிற வரைக்கும் நின்றாள். அன்று வீட்டுக்கு வந்தவள் பள்ளிக்கூடம் பக்கம் திரும்பிப் போகவில்லை.

நாடகத்தின் பெயர் 'துர்ஜய வதம்'. தெருவில் எப்போதோ இருந்து செத்துப்போன ஒருவர் எழுதியது. பட்டம் தம்பிக்குப் போய்விட்ட ஆத்திரத்தில் துர்ஜயன் தம்பியின் பாலில் விஷம் வைக்கிறான். தம்பி மனைவியைக் கோட்டையின் பின்கட்டில் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். காட்டில் வளர்ந்த தம்பி மகன் ஜெயந்தன் மீசை முளைத்ததும் பழிவாங்க வருகிறான். கடைசிக் காட்சியில் துர்ஜயன் குத்துப்பட்டு, செய்த அக்கிரமத்தையெல்லாம் ஒரு முழுப் பக்கத்துக்கு ஒப்புக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டுச் சாகிறான். ஒரு பக்கம் பேசுகிற அளவுக்கு உயிர் இருப்பவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

துர்ஜயன் வேஷம் எப்போதும் ஹரிநாராயணனுக்குத்தான். ஸ்நேகாவின் பெரியப்பா. நல்ல உடம்பு, நல்ல குரல். வசனம் மட்டும் ஒரு வரி நிற்காது. அதற்குத்தான் ஸ்நேகாவின் அப்பா இருந்தார். அவர் ஓரத்தில் நின்று முணுமுணுக்க, இவர் மேடையில் முழங்குவார். இடது காதைக் கொஞ்சம் சாய்த்து, மீசையைத் தடவி, வந்து விழுகிற சொல்லை அப்படியே எடுத்து வீசுவார். பொருள் என்ன என்று நின்று பார்க்கிற வழக்கம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா மஞ்சள்காமாலையில் படுத்தபோதும் அதுதான் நடந்தது. கட்டிலில் கிடந்தபடி அப்பா முணுமுணுத்தார்: "சுப்புவையும் குழந்தையையும் நான் பாத்துக்கறேன்னு சொல்லு, அண்ணா." பெரியப்பா காதைச் சாய்த்தார். "சுப்புவையும் குழந்தையையும் நான் பாத்துக்கறேன்" என்றார், ஓர் எழுத்து பிசகாமல். நர்ஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மற்ற வசனங்களைப் போலவே அதையும் மறந்துபோனார்.

அவர்கள் வீடு அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போல ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்கட்டு ஸ்நேகாவின் அம்மா சுப்புலக்ஷ்மிக்கு. நடுவில் ஒரு கதவு. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த கையோடு பெரியப்பா முன் அறைகளைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். "வரவா போறவா முன்னாடி குறுக்க நெடுக்க நடந்தா நன்னாவா இருக்கு?" என்று நடுக்கதவுக்குத் தன் பக்கத்திலிருந்து பூட்டுப் போட்டார். தாலி இல்லாதவள் முன்வாசலில் நின்றால் வாடகைக்கு வருகிறவர்களுக்குச் சகுனம் சரிப்படாது என்று பெரியம்மா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். சாவி பெரியப்பாவின் இடுப்புக்குப் போயிற்று. குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும் என்று கேள்வி.

அதிலிருந்து அம்மாவுக்கும் ஸ்நேகாவுக்கும் போக்குவரத்து பின்சந்து வழியாகத்தான். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பூனைகள். விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஜெயஷீலா அந்தச் சந்தில்தான் கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள். "சாமி வீட்டு அம்மா, நிங்களுக்கு முன்னால ஒரு ரோடு உண்டுல்லா? இந்த ஓடைக்கு மேல எதுக்கு நடக்கிய?" என்று ஒருநாள் கேட்டாள். "காத்து வாங்க" என்றாள் அம்மா.

அம்மா எதையும் தாங்கிக்கொள்வாள். ஒன்றை மட்டும் அவளால் முடியவில்லை. உற்சவத்தன்று சாமி வீதிவலம் வரும்போது எல்லா வீட்டு வாசலிலும் விளக்கேற்றி, தேங்காய் பழத்தட்டு நீட்டுவார்கள். அம்மாவுக்கு வாசல் இல்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு போரும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆனாலும் அம்மா வருஷா வருஷம் தட்டை ஜோடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாதஸ்வரம் வந்து போகிறதைக் கேட்பாள். மறுநாள் அந்தத் தேங்காய் சட்னியாகும். அந்தச் சட்னி ஸ்நேகாவுக்குத் தொண்டையில் இறங்காது. அந்தக் கதவு திறக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

ஒத்திகை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெயந்தன் வேஷம் பெரியப்பாவின் சொந்த மகன் வினய்க்கு. டெக்னோபார்க்கில் வேலை, தமிழ் வாசிக்கத் தெரியாது. ஸ்நேகா அவன் வசனம் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பாவைக் குத்துகிற இடத்தை அவன் மற்ற இடங்களைவிட அதிக ஆர்வத்தோடு பழகினான்.

உற்சவத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது பெரியப்பா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் ஒத்திகை நடுவில் நின்று அறிவித்தார்: "நான் சாகறதா இல்லை."

சுந்தரராமன் மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களை யாரு சாகச் சொன்னா? துர்ஜயன்னா சாகறான்."

"துர்ஜயன் விழுந்தா யார் உடம்பு விழும்? சித்திரையில எனக்கு அறுபதாம் கல்யாணம். அதுவரைக்கும் கண்டமாக்கும். விளையாட்டுக்குக்கூடப் பிணமாப் படுக்கப்படாதுன்னு ஜோசியர் சொல்லிட்டார்."

"பேனர்ல 'வதம்'னு அடிச்சாச்சே."

"அது மேல 'மனமாற்றம்'னு ஒட்டிடுங்கோ. துர்ஜய மனமாற்றம். நன்னாத்தான் இருக்கு."

"அப்பா, இது எந்தொரு பரிபாடி, என்ன கூத்து?" என்றான் வினய். "பழியே வாங்கப் போறதில்லைன்னா நான் எதுக்கு ரெண்டு மணிக்கூர் பல்லைக் கடிச்சுண்டு நிக்கணும்?"

"பல்லுக்கு நல்லது" என்றார் பெரியப்பா.

மைக் செட்டுக்கும் மேக்கப்புக்கும் காசு கொடுப்பவர் அவர். சுந்தரராமன் மாமா பெருமூச்சு விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து புது முடிவு எழுதினார். ஜெயந்தன் வாளை உருவியதும் துர்ஜயன் மனம் திருந்தி, எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டுக் காசிக்குப் போகிறான். பக்கத்தைப் பழைய பக்கத்தின் மேல் கிளிப் போட்டு மாட்டினார்கள்.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் பேசுகிறார்கள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

"சாவி?" என்றாள் ஸ்நேகா.

"என்ன சாவி?"

"ராணி பின்கட்டுல இருக்காளே. யார் திறப்பா?"

பெரியப்பா இடுப்பைத் தட்டிக் காட்டினார். "காசிக்குப் போயிட்டு வந்து திறக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்நேகாவுக்கு ஒரு யோசனை முளைத்துவிட்டது. அவள் தன் காகிதங்களை அடுக்கி, அந்தக் கிளிப் சுலபமாகக் கழன்று வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

உற்சவத்தன்று வெயில் தாழ்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. தெருவே நாற்காலியில் இருந்தது. பெரியப்பா வீட்டைப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தைப் பட்டுக் கச்சையில் செருகிக்கொண்டு மேடையேறினார். "கழட்டி வச்சுட்டு வாங்கோளேன்" என்று மேக்கப்காரர் சொன்னதற்கு, "இந்தத் தெருவில யாரையும் நம்ப முடியாது" என்றார். திரைக்கயிறும் ஸ்நேகாவின் கையில்தான். கடைசி வசனம் முடிந்ததும் அவள் இழுக்க வேண்டும். மைக் செட் போடும் பிரவின்ராஜ் ஒயரைச் சுற்றிக்கொண்டே எச்சரித்தான்: "மைக்குப் பக்கம் வராத மக்கா. நீ மூச்சு விட்டா பழவங்காடி வரைக்கும் கேக்கும்."

மூன்று காட்சி மளமளவென்று போயிற்று. அவள் முணுமுணுத்தாள், பெரியப்பா முழங்கினார். கடைசிக் காட்சி வந்தது. வினய் சுரத்தில்லாமல் வாளில் கை வைத்தான். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு காதைச் சாய்த்தார். 'நிறுத்து, நான் மனம் மாறிவிட்டேன்' என்பது வரவேண்டும்.

ஸ்நேகா கிளிப்பைக் கழற்றினாள்.

"ஆ, குத்திவிட்டாயா ஜெயந்தா" என்று முணுமுணுத்தாள்.

"ஆ, குத்திவிட்டாயா ஜெயந்தா" என்று பெரியப்பா தெரு அதிர முழங்கினார்.

வினய் இன்னும் வாளையே உருவவில்லை. ஒரு கணம் திகைத்தான். அப்புறம் அவன் முகம் மலர்ந்தது. குத்துப்பட்டேன் என்று சொல்கிற மனிதரைக் குத்தாமல் நிற்பது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும். வெள்ளிக் காகிதம் ஒட்டின வாள் அப்பாவின் வயிற்றில் பட்டு இரண்டாக மடங்கியது.

பெரியப்பா ஓரக்கண்ணால் ஸ்நேகாவைப் பார்த்தார். அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தெரு முழுக்க ஜனம். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வரவில்லை, இந்த வயதுவரை வந்ததும் இல்லை. அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் மறுபடி காதைச் சாய்த்தார்.

அவள் கொடுத்தாள். அவர் சொன்னார்.

"தம்பி கண்மூடும் நேரத்தில் காப்பேன் என்றேன். கண்மூடியதும் அவன் மனைவியைப் பின்கட்டில் பூட்டினேன். அவள் வழியை அடைத்தேன். அவள் வெளிச்சத்தை அடைத்தேன்."

ஸ்நேகா ஒரு சொல்லும் கூட்டவில்லை. எல்லாம் அந்தச் செத்துப்போன மனிதர் எழுதியது. இத்தனை தடவை கேட்ட வசனம்தான் என்றாலும் இந்தத் தடவை நாற்காலிகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. "ஏண்டி, இது வசனமோ, நிஜமோ?" என்று முன்வரிசை மாமி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "ரெண்டும்தான், பேசாம கேளு" என்றாள் மற்றவள்.

"இதோ சாவி. கதவைத் திற" என்று முணுமுணுத்தாள் ஸ்நேகா.

"இதோ சாவி" என்றவருக்கு அங்கே பொறி தட்டிவிட்டது. கை போய்க் கச்சையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் வினய் பழைய முடிவை ஒரு மாதம் பழகியவன். சாவிக்கொத்தை லாவகமாகப் பிடுங்கிக்கொண்டான். "கதவைத் திற" என்று பெரியப்பா தேய்ந்த குரலில் முடித்தார்.

இனி விழ வேண்டும். அவர் விழவில்லை. ஸ்நேகாவைப் பார்த்து மாட்டேன் என்று தலையசைத்தார். மகுடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து கோயில் ஆள் ஒருவர் கூவினார்: "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும், சாமி புறப்படணும்."

சாமியைக் காக்க வைக்க முடியுமா? பெரியப்பா கிழக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, வேஷ்டியை ஒதுக்கி, முதலில் உட்கார்ந்து, பிறகு படுத்துச் செத்தார்.

வினய் ஓரத்துக்கு ஓடிவந்தான். ராணியை அழைத்துப் போக வேண்டிய இடம். கையிலிருந்ததைப் பார்த்தான். "ஸ்நேகா, இது வீட்டுச் சாவியல்லே?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் அப்பாவின் பிணத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சாவிக்கொத்தை அவள் கையில் போட்டான். "நான் ஒண்ணும் கண்டில்லை, கேட்டியா" என்று சொல்லிவிட்டு ராணியை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

ஸ்நேகா மேடைக்குப் பின்னால் இறங்கித் தெருவில் நடந்தாள். திரைக்கயிறு அவள் விட்ட இடத்தில் தொங்கியது. ஒலிபெருக்கி அவளோடு கூடவே வந்தது. வினய் கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தான். பிறகு "திரை, திரை" என்று சுந்தரராமன் மாமாவின் குரல். திரை விழாத வரைக்கும் செத்தவன் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த மேடையின் சட்டம், பெரியப்பா அதில் ரொம்பக் கண்டிப்பு. அதற்குள் உற்சவக் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "நம்ம ஹரிநாராயணன் சாருக்கு ஒரு பொன்னாடை. வேண்டாம் சார், எழுந்திருக்க வேண்டாம், படுத்த மேனிக்கே போத்திடறோம்." கைதட்டல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அவள் முன்வாசல் பூட்டைத் திறந்தாள். கூடத்தைக் கடந்தாள். சோபா புதிது. சுவரில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. நடுக்கதவுப் பூட்டு துருவேறி முரண்டு பிடித்தது. கொத்தில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு சாவிக்கு அது இணங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். வழக்கம்போலக் கையில் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, கர்ப்பூரம்.

"யார் திறந்தா?" என்றாள்.

"துர்ஜயன்."

"செத்துட்டானோ?"

"செத்துட்டான்."

"சரி" என்றாள் அம்மா. கர்ப்பூரத்தைத் தட்டின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள்.

அதற்குள் யாரோ திரையை இழுத்துவிட்டிருக்க வேண்டும், வாசலில் செருப்புச் சத்தம். பெரியப்பா மகுடமும் பொன்னாடையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் பெரியம்மா, அவளுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க அரைத் தெரு. நாதஸ்வரம் தெரு திரும்பிவிட்டது. தீவட்டி வெளிச்சம் வாசற்படியில் விழுந்தது.

பெரியப்பா வாயைத் திறந்தார். மீசையைத் தடவினார். தன்னையறியாமல் இடது காதை ஸ்நேகா இருந்த பக்கம் சாய்த்தார்.

ஸ்நேகா எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அம்மா நடுக்கதவைத் தாண்டினாள். கூடத்தின் நடுவில் நடந்து, மகுடத்தையும் பொன்னாடையையும் ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோலச் சுற்றிக்கொண்டு, தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி, முன்வாசல் வழியாக வெளியே போனாள்.