எழுபத்து நாலு கிலோ

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் மினசோட்டாவின் டுலூத் நகரத்தில், லோரன் ஹௌக்டால் வீட்டு பேஸ்மென்ட்டுக்குக் காலி பீர் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவன் ஜட்டியோடு எடை மெஷின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"ரெண்டு கால்ல நின்னா எண்பத்தொண்ணு புள்ளி ஆறு காட்டுது."

"ஒத்தக் கால்ல நின்னா?"

"எண்பத்தொண்ணு புள்ளி ஆறு." காலை மாற்றிக்கொண்டான். "இந்தக் கால்லயும் அதேதான். மெஷின் கெட்டுப்போச்சு போல. இத எங்கயாவது எழுதித் தொலைச்சிடாத."

அந்தக் கடைசி வரியை அவன் சொல்லாமல் இருந்திருந்தால், பாட்டில்களை வைத்துவிட்டு நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "வெளியே பனி பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலருகே நின்ற லோரன், கடந்துபோன கோடையை எண்ணி—"

(விட்டுவிட்டேன். லோரன் மாவட்டத்தின் பனி வழிக்கும் லாரியை ஓட்டுகிறவன். சாலையில் உப்புத் தூவுவதும் அவன்தான். ஜன்னலருகே நின்று பனியை ரசிக்க மாட்டான், திட்டுவான்.)

இரண்டாவது வரைவு: "மனிதன் ஏன் நகராத சைக்கிளை மிதிக்கிறான்?"

(இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு அடித்தேன்.)

மூன்றாவது, ஈஸ்ட்டிலிருந்து தொடங்குகிறது. இது நிற்கும் என்று தோன்றுகிறது. லோரனின் பேஸ்மென்ட்டில் ஒரு சின்ன அறை. அதில் பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிள், எதிரே ஒரு டிவி, பக்கத்தில் இருபது லிட்டர் வாளி. வாளிக்குள் மால்ட்டைக் காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட் போட்ட கஷாயம், இரண்டு வாரத்தில் பீராக வேண்டியது. குளிர்காலத்தில் அந்த அறை பதின்மூன்று டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு லோரன் ஒரு மணி நேரம் மிதித்தால் அவன் உடம்புச் சூட்டில் அறை பத்தொன்பதுக்கு ஏறும். ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். வாளி மூடியில் செருகிய குழாயில் குமிழ்கள் "ப்ளக், ப்ளக்" என்று வெடிக்கத் தொடங்கும்.

ஆக, பீர் வர லோரன் மிதிக்க வேண்டும். மிதித்தால் தாகம் எடுக்கும். தாகத்துக்குப் போன மாதத்து பீர் இருக்கிறது. பீர் குடித்தால் எடை ஏறும். எடை ஏறினால் இன்னும் மிதிக்க வேண்டும். மிதித்தால் அடுத்த வாளி இன்னும் நன்றாக வரும். இதில் எங்கேயும் தப்பு இருப்பதாக லோரனுக்குத் தெரியவில்லை.

"உலகத்துல யாருக்குடா இப்படி ஒரு கோச் இருக்கான்?" என்று வாளியைத் தட்டுவான். "நான் மிதிக்கலன்னா அவன் செத்துருவான். அவ்வளவு அக்கறை."

3.

இப்போது விதிகளைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

எங்கள் சைக்கிள் கிளப்பில் பதினாலு பேர். நவம்பரிலிருந்து மார்ச் வரை சாலையில் பனிக்கட்டி இருக்கும் என்பதால் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அவரவர் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் பந்தயம் விடுவோம். திரையில் பதினாலு பொம்மைகள் மலை ஏறும். நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பது கணினிக்குத் தெரியும். உங்கள் எடை தெரியாது. அதை நீங்களே திரையிலுள்ள ஒரு காலிக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். எழுதியதை அது அப்படியே நம்பிவிடும். குறைவாக எழுதினால் பொம்மை விறுவிறுவென்று மேலே ஏறும்.

அங்கே லோரன் எழுதியிருந்தது: 74. செப்டம்பரில் எழுதியது. அப்போது அது உண்மைதான்.

குளிர்காலம் முழுக்க நடக்கும் இந்தப் பந்தயத் தொடருக்கு லீக் என்று பெயர். லீக்கில் முதலில் வருகிறவருக்குக் கோப்பை எதுவும் கிடையாது. ஒரே ஒரு மரியாதைதான். ஏப்ரலில் முதல் நல்ல மழை சாலை உப்பைக் கழுவிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையிலிருந்து மேலே போகும் சாலையில் கிளப் முழுக்கச் சேர்ந்து ஏறும். ஜெயித்தவர் முன்னால் போவார். உச்சி வரை அவரை யாரும் முந்தக்கூடாது. அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் முந்தக்கூடாது.*

* ஒரு வருடம் ஜெயித்தவருக்கு ஜலதோஷம். அவர் போன ஆமை வேகத்தில் எங்களால் சைக்கிளைச் சாயாமல் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது திருப்பத்தில் ஐந்து பேர் நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தோம். விதியை மாற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை.

4.

இந்த வருடம் கடைசிப் பந்தயத்தில் லோரன் மூன்று நொடி வித்தியாசத்தில் ஜெயித்தான். லீக்கும் அவனுக்கே. இரண்டாவதாக வந்தவர் பெர்னடெட் கோவால்சிக், ஐம்பத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

(அவரை எல்லோரும் பெர்னி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை வரவில்லை. பெர்னி அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.)

நான் பதினோராவது. என்னைப் பற்றி இப்போது பேச்சில்லை.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒன்றுதான்: லோரனின் மறதி எந்தத் தேதியில் பொய்யாக மாறியது? அக்டோபரில் அவன் இரண்டு கிலோ ஏறினான், கட்டத்தை மாற்றவில்லை. அது மறதி. நவம்பரில் இன்னும் இரண்டு. அதையும் மறதியில் சேர்க்கலாம். அப்புறம் அந்த மாதக் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்து வந்தது. மறுநாள் காலை பெர்னி அக்கா கிளப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: "வான்கோழி, ரெண்டு துண்டு கேக். ஒண்ணு புள்ளி நாலு கிலோ ஏறியாச்சு. எடையை மாத்திட்டேன்." அந்தச் செய்திக்கு லோரன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

அந்தக் கட்டைவிரல்தான் தேதி. அதற்குப் பிறகு மறந்தேன் என்று சொல்ல வழியில்லை.

அந்தச் செய்திக்குக் கீழே இன்னும் பன்னிரண்டு கட்டைவிரல்கள் இருந்தன. ஒன்று என்னுடையது.

5.

வரைவை லோரனுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல மனதோடுதான் செய்தேன். அவன் சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தபடியே கேட்டான்.

"யோவ், நில்லு நில்லு. எண்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னா போட்டிருக்க?"

"நீதானடா நின்ன."

"அது மெஷின் சொன்னது. கதைல எதுக்கு மெஷின்? உன் கைல பேனா இருக்கு. எழுபத்து நாலுன்னு ஒரு வார்த்த போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"எனக்குக் கொறையாது. உனக்குத்தான் கொறையும், ஏழு கிலோ."

"அதத்தான சொல்றேன்!"

படியில் துணிக்கூடையோடு நின்றிருந்த அவன் மனைவி கொரீன் குறுக்கிட்டாள். "என்னங்க எழுத்தாளரே, இவரு மறந்துட்டாராமே? அக்டோபர்ல புது பேன்ட் வாங்கறப்ப மட்டும் சைஸ் கரெக்டா ஞாபகம் இருந்துச்சு."

"அந்தக் கடைல சைஸெல்லாம் சின்னதா தைக்கறான்."

"ஆமா, நம்ம வீட்டு வாசல்கூட சின்னதாத்தான் கட்டிட்டாங்க."

அவள் போன பிறகு லோரன் மிதிப்பதை நிறுத்தினான். குமிழ்கள் மட்டும் வெடித்துக்கொண்டிருந்தன. மூலையில் புது பீர், நாற்பத்தெட்டு பாட்டில், மலை உச்சியில் திறப்பதற்காக. ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையில் '74' என்று எழுதி வைத்திருந்தான். வெற்றியின் நினைவாகவாம்.

"அஞ்சு பந்தயம் ஜெயிச்சிட்டேன்டா," என்றான் மெதுவாக. "ஒண்ணு ஜெயிச்சப்பவே மாத்தியிருக்கணும். அஞ்சு ஜெயிச்சப்புறம் எப்படி மாத்தறது?"

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பயம் வந்தது, அவனுக்காக இல்லை.

6.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பெர்னி அக்கா. இவ்வளவு நேர்மையாக ஒருவரை எழுதினால் யார் நம்புவார்கள்? அவருக்கு ஏதாவது ஒரு குறை தேவை என்று நினைத்து, தண்ணீர் பாட்டில் திருடுகிறவராக ஒரு பத்தி எழுதினேன். ஒட்டவில்லை. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பேருந்து நிற்கும் கொட்டகைக்குப் போனேன். சக்கரத்தில் ஒட்டிய பனிக்கட்டியை இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்களப் பத்தி ஏதோ எழுதறியாமே," என்றார். "நான் அதுல எப்படி? ஒல்லியா?"

"உள்ளபடி எழுதியிருக்கேன் அக்கா."

"அப்ப குண்டுதான். பரவால்ல விடு." கம்பியைக் கீழே வைத்தார். "மூணு செகண்ட். ச்சே. மே மாசம் முட்டி மாத்தறாங்க தெரியுமா? ரெண்டும். அதுக்கப்புறம் மலை கிலை எதுவும் ஏறக் கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

எனக்குத் தெரியாது.

"பதினாலு வருஷமா அந்த மலைல எவனாவது ஒருத்தன் முதுகப் பாத்துக்கிட்டேதான் ஏறியிருக்கேன். உன் முதுகுகூட ஒரு வருஷம். சட்ட கிழிஞ்சிருந்துது. ஒரே ஒரு தடவ ரோட்டப் பாத்துக்கிட்டு ஏறணும்னு இருந்துச்சு. ம். லோரன் நல்லா மிதிச்சான், பாவம். அவனுக்குத்தான் அது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். "அக்கா, லோரன்—" என்று வாயைத் திறந்தேன்.

(இந்த வாக்கியத்தை நேரிலும் முடிக்கவில்லை, இங்கேயும் முடிக்கவில்லை.)

7.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: லோரன் குழுவில் உண்மையைச் சொல்கிறான். எல்லோரும் கண்கலங்குகிறார்கள். (நாங்கள் மினசோட்டாக்காரர்கள். கண்கலங்கும் நிலை வந்தால் வண்டி கழுவப் போய்விடுவோம்.)

இரண்டாவது: அவன் முன்னால் போகிறான். ஏழு கிலோவும் கூடவே ஏறுகிறது. பின்னால் பதின்மூன்று பேரும் வரிசையாகச் சாய்ந்து விழுகிறோம். (நன்றாகச் சிரிப்பு வருகிறது. பெர்னி அக்காவும் விழுகிறார் என்பதால் அடித்தேன்.)

மூன்றாவது லோரன் கேட்டது: ஒரே வரியில் அவன் எடையை எழுபத்து நாலு என்று மாற்றிவிடுவது. இதை எழுதியும் பார்த்தேன். "லோரன் எழுபத்து நாலு கிலோ இருந்தான்." இலக்கணப்படி குற்றமில்லை, படிக்கவும் சுகமாக இருக்கிறது. அவன் கட்டத்தில் எழுதியதைத்தான் நானும் எழுதியிருந்தேன், கதையும் கணினி மாதிரியே நம்பிவிட்டது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

8.

மழை ஏப்ரல் ஒன்பதாம் தேதி பெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் பதினாலு பேரும் சைக்கிளோடு நின்றோம். கொரீன் பீர் பாட்டில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போயிருந்தாள். இனி வருவது என் மூன்று முடிவுகளிலும் இல்லை. நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை.

லோரன் முன்னால் வந்தான். முதுகுப் பையைக் கழற்றினான். உள்ளேயிருந்து எடை மெஷினை எடுத்து ஈரச் சாலையில் வைத்தான். ஷூவைக் கழற்றினான். ஏறி நின்றான், இரண்டு கால்களிலும்.

"எண்பத்திரண்டு புள்ளி ஒண்ணு," என்று சத்தமாகப் படித்தான். "செப்டம்பர்ல போட்டத மாத்தவே இல்ல. தெரிஞ்சேதான் மாத்தல. பெர்னி, நீதான் முன்னால போகணும்."

அலை கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் இறங்கி, மெஷினைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினான்.

"மூணாவது வந்தது யாரு? வாங்க."

மூன்றாவதாக வந்தவர் தன் பிரேக் கம்பியை ஆராயத் தொடங்கினார். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கும் திடீரென்று பிரேக்கில் பிரச்சினை.

"ஹெல்மெட்டோட நிக்கணுமா, இல்லாமயா?"

"காலைல ரெண்டு பான்கேக் சாப்பிட்டேன், அத கழிச்சுக்கலாமா?"

"என்னுது பழைய கணக்கு, நான் அப்ப பவுண்டுல போட்டிருந்தேன்."

பன்னிரண்டு கட்டைவிரல்களின் சொந்தக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து நின்றோம்.

பெர்னி அக்கா எங்களை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அட கழுதைங்களா," என்றார். கோபமாக இல்லை. பிறகு வேறு எதுவும் சொல்லாமல் பெடலில் காலை வைத்துக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் வரிசையில் நிற்கிறோம். அவர் முதல் திருப்பத்தைத் தாண்டிவிட்டார். அவருக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை, ஈரமான சாலை மட்டும்தான். அவரை யாரும் முந்தக்கூடாது, முந்த யாராலும் முடியவும் முடியாது. இரண்டாவது திருப்பத்தில் அவரை அப்படியே விட்டுவிடுகிறேன். உச்சிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பார்க்க வேண்டிய சாலையை அவர் பார்த்து முடிக்கட்டும்.

இங்கே கீழே என் முறை வந்துவிட்டது. லீக்கில் நான் எழுதியிருந்தது அறுபத்தெட்டு. ஒரு கால் மெஷின்மேல் இருக்கிறது, இன்னொன்று இன்னும் தரையில். லோரன் குனிந்து எண்ணைப் பார்க்கத் தயாராக இருக்கிறான்.

"ரெண்டு காலையும் வைடா," என்கிறான். "ஒத்தக் கால்ல நின்னாலும் அதேதான் காட்டும். நான் பாத்துட்டேன்."

என் எண்ணை நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்த நீங்கள் எனக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். ஷூவைக் கழற்றிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் கட்டம் எதை எழுதினாலும் நம்பும்.

எடை: ________ கிலோ