பின்வரிசையில் ஷாவொன் பாய்

நாஸ்ரின் மேடம் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஊர்வலம் அப்போது நூலகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாத்தியும் கோஷம் உள்ளே வந்தது. ஒருவன் தொண்டை கிழிய முதல் பாதியைச் சொல்ல, ஒரு கூட்டமே மீதிப் பாதியைச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் தன் குரல் இல்லை என்று இப்போதைக்குத் தனக்கு மட்டும்தான் தெரியும், பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று மொனிர் நினைத்தான். பேனா மூடியை இன்னும் கழற்றவில்லை.

போலா தீவில் லாஞ்ச் படகு ஏறி டாக்காவுக்கு வந்த பிறகு இந்த நகரத்தில் அவனுக்கென்று கிடைத்தது, விடுதிக் கீழ்த்தளத்துக் கூட்டறையில் இன்னொரு முதலாமாண்டுக்காரன் பிபுலின் மெத்தையில் பாதி. நாலு பேருக்குக் கட்டிய அறையில் முப்பது பேர் படுத்தார்கள். ஒருவன் புரண்டால் வரிசையே புரண்டாக வேண்டும். அந்தப் பாதி மெத்தைக்கான இடமும் பல்கலைக்கழகம் கொடுத்ததல்ல. அறை ஒதுக்குவது காகிதத்தில் நிர்வாகம், நிஜத்தில் கட்சியின் மாணவர் அமைப்புச் சீனியர்கள். அவர்கள் கூப்பிட்டபோது ஊர்வலத்துக்குப் போனால் இடம் உண்டு. போகாதவன் பெட்டியோடு வெளியே நிற்பான். அப்படி நின்ற இரண்டு பேரை மொனிர் பார்த்திருக்கிறான். ஒருவன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான் என்று சொன்னார்கள். சொந்தமோ தெரிந்த முகமோ ஒன்றுகூட இல்லாத இந்த ஊரில் தனக்கும் அந்தக் கதிதான் என்ற பயத்தில், போன பரீட்சையை விட்டுவிட்டு ஊர்வலத்துக்குப் போனான். இதையும் விட்டால் பாடமே போய்விடும் என்று மேடம் பெயர் சொல்லி எச்சரித்திருந்தார். அதனால் இன்று ஊர்வலத்தை விட்டான். எந்தப் பயம் பெரியது என்று காலையிலிருந்து எடைபோட்டு, கடைசியில் கால் இழுத்த பக்கம் வந்து உட்கார்ந்திருந்தான்.

நல்லவேளை, புள்ளியியல் முதலாமாண்டில் அவன் விடுதிக்காரன் வேறு யாரும் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வயிற்றுப்போக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுத ஆரம்பித்தான்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் உள்ளே நுழைந்து கடைசி பெஞ்சில் ஒண்டினான். மொனிர் திரும்பிப் பார்த்தான். ஷாவொன் பாய்.

ஷாவொன் இரண்டாமாண்டு, அதே துறை. கூட்டறைப் பையன்களுக்கு மரியாதை கற்றுக்கொடுப்பது அவன் பொறுப்பு. சீனியரைப் பாய், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட வேண்டும், எங்கே பார்த்தாலும் நிற்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க வேண்டும், கேட்கும்படி சலாம் சொல்லி, பெயர், துறை, ஆண்டு, மாவட்டம் என்று அதே வரிசையில் ஒப்பிக்க வேண்டும். குளியலறையாக இருந்தாலும் சரி, சோற்றுத் தட்டோடு இருந்தாலும் சரி. ஒருமுறை மொனிர் மாவட்டத்தை முன்னால் சொல்லிவிட்டான் என்பதற்காகக் கூட்டறை முழுவதையும் ஒற்றைக்காலில் நிற்க வைத்தவன் இவன். அதற்குப் பிறகு மொனிருக்கு யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. அவன் உடம்பே பார்த்துக்கொண்டது.

இப்போதும் உடம்புதான் எழுந்தது. பெஞ்சு கிரீச்சிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நான் மொனிருல் இஸ்லாம், புள்ளியியல், முதலாமாண்டு, மாவட்டம் போலா."

மூச்சுவிடும் சத்தம் மட்டும் இருந்த ஹாலில் அது கணீரென்று கேட்டது. எழுதிக்கொண்டிருந்த எல்லாத் தலைகளும் முதலில் அவனையும் பிறகு பின்வரிசையையும் பார்த்தன. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யாருக்குப்பா சலாம்? ஓ, ஷாவொனா. இந்த வருஷமும் இந்தப் பேப்பர்தானா? வந்து பேப்பர் வாங்கிக்க. மொனிர், நீ உக்காரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. ஷாவொன் வாங்கி வந்த விடைத்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் காதுமடல்கள் சிவந்ததை மொனிர் பார்த்தான். தான் செய்தது என்ன என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தவறிய பேப்பரை ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதுவதை யாரும் ஊரறியச் செய்வதில்லை. அதுவும் ஊர்வல நேரத்தில், ஊர்வலத்துக்கு ஆள் திரட்டுகிறவனே. செத்தேன் என்று நினைத்தான். நேரம் முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்தபோது பின்வரிசை காலியாக இருந்தது.

விடுதிக்குப் போகக் கால் வரவில்லை. கலைப்புலக் கட்டிடத்து டீக்கடையில் பிபுல் அவனைப் பிடித்தான். நேத்ரகோனா மாவட்டத்துக்காரன், எதையும் சிரிக்காமல் சொல்லுவான்.

"ஊர்வலத்துல தலையை எண்ணிட்டாங்கடா. உன் பேரு மாட்டிக்கிச்சு. மக்ரிப் தொழுகை முடிஞ்சதும் கெஸ்ட் ரூம்ல விசாரணை. அமைப்போட தலைவர் இம்தியாஸ் பாயே வர்றாராம். உனக்குப் பேதின்னு சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் சோர்வா மூஞ்சிய வச்சுக்க. சே, அதுக்கு நீ ஒண்ணும் புதுசா செய்ய வேண்டாம்."

மொனிர் நடந்ததைச் சொன்னான். பிபுல் கையில் இருந்த சிங்காரா சமோசாவைக் கடிக்காமல் கேட்டான்.

"எந்திரிச்சு நின்னு சொன்னியா? மாவட்டம் வரைக்கும்?"

"ஆமா."

"அட கிறுக்கா." சிங்காராவைக் காகிதத்தில் திரும்ப வைத்தான். "ஒண்ணு பண்ணு. இம்தியாஸ் பாய் கேட்டா, ஷாவொன் பாயும் அங்கதான் இருந்தாருன்னு போட்டு உடை. அப்புறம் அவரு பாடு. உன்னை மறந்துருவாங்க."

அந்த யோசனை மொனிரை விட்டுப் போகவில்லை. நடக்கும்போதும், முகம் கழுவும்போதும், தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தபோதும் கூடவே இருந்தது. ஒரே வாக்கியம். சொன்னால் தப்பிக்கலாம். ஒருவேளை ஷாவொன் முந்திக்கொண்டு தன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்? பேதி என்று பொய் சொல்லும்போதே, நான் பார்த்தேனே என்று அவன் சொல்லிவிட்டால்?

பெயர்தான் கெஸ்ட் ரூம். விருந்தாளி யாரும் அங்கே உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. முதலாமாண்டுப் பையன்கள் கைகளைப் பின்னால் கட்டி வரிசையாக நின்றார்கள். பக்கச் சுவரோரம் இரண்டாமாண்டுக்காரர்கள். சோபாவில் இம்தியாஸ் பாய் ஒருவர் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதுதான் பயமாக இருந்தது. முதலில் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"ஷாவொன், உன்னையும் ஊர்வலத்துல காணோமே."

"அம்மாவுக்கு உடம்பு முடியல பாய். மீர்பூர் வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்படியா. இப்ப எப்படி இருக்காங்க?"

"தேவல பாய்."

ஷாவொனின் குரல் மொனிருக்கு அடையாளமே தெரியவில்லை. கூட்டறையில் கேட்கும் குரல் இல்லை அது. தன் குரல் மாதிரி இருந்தது.

"மொனிர் யாருப்பா?"

ஓரடி முன்னால் வந்தான். கால்களை ஒட்டி வைத்தான்.

"வயித்தால போகுதுன்னு சொன்னாங்க. நிஜமா?"

ஷாவொன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேதி என்ற பொய் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

"பரீட்சை பாய்."

"பரீட்சை." அந்தச் சொல்லை இம்தியாஸ் பாய் மெதுவாக, புதிதாகக் கேட்டது போலச் சொன்னார். "ஷாவொன், உன் துறைதானே? இவனுக்குப் பரீட்சைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

"சீனியர் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போனியா நீ?"

இதுதான் இடம். சொல்லிவிடலாம். மொனிர் நிமிர்ந்தான். ஷாவொனும் அதே நேரத்தில் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். முறைப்பு இல்லை, மிரட்டல் இல்லை. நடுங்கிக்கொண்டு பார்த்தான், அவ்வளவுதான். நம்மைப் பயமுறுத்துகிறவன் பயந்து நின்றால் நமக்கு ஆறுதலாக இருக்கும் என்று மொனிர் நினைத்திருந்தான். அப்படி இல்லை. இவனும் பயப்படுகிறான் என்றால் பயப்படாத இடம் எங்கேதான் இருக்கிறது? அடுத்த வருஷம் அந்தச் சுவரோரம் நிற்கப்போவது தானும் பிபுலும்தான் என்று தோன்றியது.

"சொல்லல பாய். யாரும் என்னைப் பார்க்கல."

"யாரு பார்த்தாங்கன்னு நான் கேக்கலையே."

இம்தியாஸ் பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை எடுக்காமலே, "ஷாவொன்," என்றார்.

"பாய்."

"தம்பி படிக்கிற பையன். நம்ம இரைச்சல்ல எப்படிப் படிப்பான்? பெட்டியை எடுத்துக் கொடுத்து, நீயே கேட் வரைக்கும் விட்டுட்டு வா."

தகரப்பெட்டியின் ஒரு கைப்பிடியை மொனிர் பிடித்தான். கேட்காமலே மறு பிடியை ஷாவொன் பிடித்தான். கூட்டறை வாசலில் பிபுல் தலையணையை அவன் அக்குளில் செருகினான். இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். காவலாளி அவர்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே ரிக்‌ஷாக்கள் மணியடித்துக்கொண்டு போயின. எங்கே போவது, யாரைக் கேட்பது, ஒன்றும் புரியாமல் மொனிர் பெட்டியைத் தரையில் வைத்தான். பள்ளிவாசல் வராந்தா ஞாபகம் வந்தது. அங்கேயும் எழுப்பி விரட்டுவார்கள்.

ஷாவொன் உள்ளே நின்று கேட்டைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போடவில்லை. பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பிகளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தான். திட்டத்தான் போகிறான் என்று மொனிர் ஓரடி பின்வாங்கினான்.

"அந்தப் பந்துக் கணக்கு. பைக்குள்ள அஞ்சு வெள்ளை, மூணு கறுப்பு. ரெண்டு எடுத்தா ரெண்டும் வெள்ளையா வர்றதுக்கு. உனக்கு என்ன வந்துச்சு?"

மொனிருக்கு ஒரு நிமிஷம் விளங்கவே இல்லை.

"பதினாலுல அஞ்சு, பாய்."

"எனக்கு அறுபத்துநாலுல இருபத்தஞ்சு வந்துச்சே."

"எடுத்த பந்தைத் திருப்பிப் போடக்கூடாதுன்னு கேள்வியிலயே இருந்துச்சு பாய்."

ஷாவொனின் உதடுகள் கணக்குப் போட்டு அசைந்தன. பின்னால் முற்றத்திலிருந்து இம்தியாஸ் பாயின் குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, உயராத அதே குரல். "வந்துட்டேன் பாய்," என்று சொன்னவன் நகரவில்லை. கேட்டின் தூசி படிந்த தகட்டில் ஆள்காட்டி விரலால் எட்டுப் பந்துக்கு எட்டு என்று எழுதினான். யோசித்தான். பக்கத்தில் மறுபடி எட்டு என்று எழுத ஆரம்பித்து, நிறுத்தி, அதை மட்டும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, ஏழு என்று எழுதினான்.